அரை முயல் இடப்பக்கம்

மவுண்ட் ரோஸ்கில்
6 ஆகஸ்ட் 2025

மரண அறிவித்தல்

மவுண்ட் ரோஸ்கிலைப் பிறப்பிடமாகவும் எங்கள் குசினி மேசையை வதிவிடமாகவும் கொண்ட திருவாளர் டோஸ்டர் அவர்கள் நேற்றுக் காலை, பாண் உள்ளே இருக்கும்போதே, புகை கிளப்பிக் காலமானார். அன்னார் கேத்திலின் அன்புக் கணவரும் மைக்ரோவேவின் பாசமிகு மைத்துனரும் ஆவார். பூதவுடல் சிவப்பு மூடிக் குப்பைத் தொட்டியில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், கதைக்காமல் இருக்கும் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

டேய் அகில்,

மேலே கடைசியாக அழைக்கப்பட்டிருப்பவன் நீதான். என் நம்பரை நீ பிளாக் பண்ணி ஒரு கிழமைக்கு மேல் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறிப் பாபகூராவுக்கு வந்தேன். கதவைத் திறந்த தண்டபாணி அங்கிள், நீ நித்திரை என்றார். நித்திரையாய் இருக்கிறவன் உள்ளே இருந்து, "நான் தூங்குறேன்னு சொல்லுங்கப்பா" என்று சத்தம் போட்டதை அங்கிளும் கேட்டார், நானும் கேட்டேன். இரண்டு பேரும் கேட்காத மாதிரி என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

தமயந்தி அன்ரிதான் ஸ்டேஷன் வரைக்கும் காரில் கொண்டுவந்து விட்டா. உன் வலது கண்ணுக்குள் டாக்டர் ஒரு வாயுக் குமிழை விட்டிருக்கிறாராம். கண்ணின் பின்சுவரில் இருந்து கழன்றுபோன விழித்திரையை அந்தக் குமிழ்தான் சுவரோடு அமத்திப் பிடிக்க வேண்டுமாம். அதற்காக நீ குப்புறவே கிடக்க வேண்டுமாம். போனையும் வாங்கி வைத்துவிட்டாவாம். "நீ தமிழ்ல எழுதிப் போடு கண்ணு, நான் படிச்சுக் காட்டறேன். எந்திரிச்சு ஓட முடியாது பாரு" என்றா. ஆகவே இந்தக் கடிதம். அம்மா என்னை ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு ஒருவழியாகப் பயன் கிடைத்துவிட்டது. உலகத்திலேயே என் பகிடியில் இருந்து எழும்பி ஓட முடியாத முதல் மனிதன் நீ. அன்ரி, இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, அவன் சிரிக்கிறானா என்று பாருங்கோ. குப்புறக் கிடந்து சிரித்தால் தோள் குலுங்கும்.

சரி. நான் அன்ரியிடம் சொன்னேன். உன் கண்ணைப் பற்றி ஒருவருக்கும் சொல்ல மாட்டேன் என்று காருக்குள் உனக்கு வாக்குத் தந்தேன். நீ என்னை வீட்டில் இறக்கிவிட்டுப் பாபகூரா போய்ச் சேருவதற்கு முன்னமே அன்ரிக்கு போன் எடுத்துச் சொல்லிவிட்டேன். ராணுவத்தில் மருத்துவப் பரிசோதனை முடியும் மட்டும் வாயைத் திறக்காதே என்று நீ கேட்டாய். நான் திறந்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும் என்று அம்மா சொல்கிறா. எனக்கு அது வருகுதில்லை. திரும்பவும் அதே நாள் வந்தால் திரும்பவும் சொல்லுவேன்.

ஆனபடியால் என்னை ஏசு. அன்ரியின் கையால் எழுதக்கூடிய அளவுக்கு ஏசு, மிச்சத்தை நேரில் வைத்துக்கொள்வோம். எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஹேமியின் பண்ணை மேட்டில், நீ துவக்கோடும் நான் தொலைநோக்கியோடும், மறுபடி பக்கத்தில் பக்கத்தில் குப்புறக் கிடக்க வேண்டும். இப்போது நீ தனியாகக் குப்புறக் கிடக்கிறாய். அது அநியாயம்.

பிருந்தன்


பாபகூரா
12 ஆகஸ்ட் 2025

பிருந்தன்,

எழுதுவது அம்மா, சொல்வது நான். நான் சொல்வதை அப்படியே எழுதுவதாக அம்மா சத்தியம் செய்திருக்கிறாள். சத்தியம் என்பது செய்தால் காப்பாற்ற வேண்டிய ஒன்று. உனக்குத் தெரிந்திருக்காது என்பதால் சொல்கிறேன்.

டோஸ்டருக்கு என் அனுதாபம். அதுவாவது புகை விட்டு எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறது.

நீ என்ன செய்தாய் என்று உனக்கே ஞாபகப்படுத்துகிறேன். அவிட்டுவில் ஹேமி தன் பண்ணைக்கு நம்மைக் கூப்பிட்டது முயல் தொல்லை தாங்காமல். ஆட்டுக்குப் புல் மிச்சம் வைக்காமல் தின்கின்றன, மேடெல்லாம் வளை தோண்டி வைக்கின்றன. லைசன்ஸ் என் பெயரில், ரைபிள் அப்பா எனக்கு வாங்கிக் கொடுத்தது. அந்த முயல்கள் கிட்டே போனால் மறைந்துவிடும், எட்டத்திலிருந்துதான் சுட வேண்டும். அங்கே கடல் காற்று நிற்பதே இல்லை. அதனால்தான் நமக்கு ஒரு ஒப்பந்தம். நீ தொலைநோக்கியில் பார்த்துக் காற்றைச் சொல்வாய். நான் ஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். அம்மாவின் பழைய சேலையைக் கிழித்து வேலிக் கம்பங்களில் நாடாவாகக் கட்டினோமே, அது பறக்கிற விதத்தைப் பார்த்து "அரை முயல் இடப்பக்கம்" என்பாய். நான் முயலின் உடம்பில் பாதி நீளம் இடது பக்கம் தள்ளிக் குறி வைப்பேன். மிச்ச தூரத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். காற்றைச் சொல்கிறவன் பொய் சொன்னால் சுடுகிறவனுக்குத் தெரியவே தெரியாது. சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டி வைக்கிற உன்னை நான் அந்த ஒரு விஷயத்தில் முழுசாக நம்பினேன்.

ஜூன் மாதத்தில் எனக்குக் குறி தப்ப ஆரம்பித்தது. நாடா அசையாமல் தொங்கும், குண்டு மட்டும் விலகிப் போகும். அந்தப் பள்ளத்தில் நாடாவுக்கே தெரியாத ஒரு காற்று இருக்கிறது என்று நான் சொன்னேன். மாமியார் காற்று என்று அதற்குப் பெயர் வைத்தவன் நீ. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தள்ளும் என்று விளக்கமும் சொன்னாய். ஒவ்வொரு சனிக்கிழமையும் மாமியாருக்கென்று கால் முயல் கூட்டி வைத்துச் சுட்டேன். வேலிக் கம்பி எனக்கு வளைந்து தெரிந்தது. தரையிலிருந்து எழும்புகிற சூட்டு அலை என்று நினைத்தேன். இங்கே ஜூன் என்றால் குளிர்காலம், அதில் ஏது சூடு என்று நான் யோசிக்கவில்லை. நீயும் கேட்கவில்லை.

அப்புறம் அந்தக் கடைசிச் சனிக்கிழமை. நான் ஹேமியிடம் கேட் சாவி வாங்கப் போயிருந்த நேரத்தில் நீ வேலியடியில் ஒரு பொம்மையை வைத்துவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவன் மாதிரிப் படுத்துக்கொண்டாய். முயல் இருக்குதடா, அரை முயல் இடப்பக்கம் என்றாய். சுட்டேன், தப்பியது. இன்னொன்று சுட்டேன். மாமியார் என்றேன். நீ சிரித்தாய். அப்புறம் சிரிப்பை நிறுத்தினாய். அது கண்ணைக் குத்துகிற பிங்க் நிறப் பஞ்சு முயல். கழுத்தில் மஞ்சள் ரிப்பன் வேறு. எனக்குத் தெரிந்தது சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று, அதன் நடுவில் ஓட்டை.

நீ வைத்தது பொறி. என் கண்ணைச் சோதித்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் ஓடினாய். ராணுவத்தில் என் விண்ணப்பத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். கேம்ப் இங்கே பக்கத்தில்தான் இருக்கிறது. காலையில் வண்டிகள் போகிற சத்தம் என் தலையணைக்குக் கேட்கிறது. முகம் தலையணைக்குள் இருப்பதால் தலையணைக்கு என்று சொன்னேன், நகைச்சுவைக்காக அல்ல.

அகில்

(தமயந்தி எழுதுவது: கண்ணு, கடைசியில் அவன் சொன்ன ஒரு வார்த்தையை மட்டும் நான் எழுதவில்லை. சத்தியம் தவறியதற்கு நான் கோயிலில் சொல்லிக்கொள்கிறேன். நீ கேட்டிருந்தாய், அதனால் சொல்கிறேன். உன் கடிதத்தில் தோள் ஒரு தடவை குலுங்கியது. சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.)


மவுண்ட் ரோஸ்கில்
17 ஆகஸ்ட் 2025

அகில்,

பொறி இல்லையடா. சத்தியமாய் என்று எழுத வந்தேன், அந்தச் சொல்லைப் பாவிக்கிற உரிமை எனக்கு ரத்தாகிவிட்டது என்று ஞாபகம் வந்தது.

அது தங்கச்சி வித்தியாவின் பொம்மை. அவளுக்குத் தெரியாமல் என் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். நீ ஸ்கோப்பில் அதைக் கண்டவுடன் துவக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு என் தலையில் குட்டுவாய் என்பதுதான் திட்டம். குட்டு வாங்கத் தலையைக்கூடக் கொஞ்சம் சரித்து வைத்திருந்தேன். நீயோ மூச்சை அடக்கி, வடிவாகக் குறி பார்த்துச் சுட்டாய். சரி, எனக்குத் திருப்பிப் பகிடி விடுகிறாய் என்று நினைத்துச் சிரித்தேன். இரண்டாம் தரமும் சுட்டுவிட்டு, மாமியார் என்றாய். அப்போதுதான் உன் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறேன், ஏமாந்த முகமெல்லாம் எனக்கு மனப்பாடம். அது அந்த வகை முகம் இல்லை. அங்கே ஒரு பகிடி இருக்கிறது என்பதே தெரியாத முகம்.

இடது கண்ணால் பார் என்று நான் சொன்னேன். நீ பார்த்தாய். "பிங்க்கா இருக்குடா" என்று மெல்லமாகச் சொன்னாய். அதற்குப் பிறகு காருக்குள் நீ என்னிடம் வாக்குக் கேட்கும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. நான் ஐந்து நிமிடம் கதைக்காமல் இருந்த நாள் என் வாழ்க்கையில் வேறு இருக்கிறதா என்று அம்மாவைக் கேட்டுப் பார்.

துக்கம் இத்தோடு போதும். இனி வீரம்.

நேற்று அப்பாவின் காரைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு நான் அவிட்டுவுக்குப் போனேன். ஓம், நீ இல்லாமல். கடலில் இருந்து நேராக மேற்குக் காற்று. ஆடுகள் எல்லாம் ஒரே பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. உன் இடம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு ஹேமி தன்னுடைய பழைய துவக்கை எடுத்துத் தந்து, தானே என் பக்கத்தில் இருந்தார். முந்நூறு மீட்டர். சவுக்கு மாதிரி நிற்கிற அந்த மரவரிசைக்குக் கீழே, சாதாரண முயல் இல்லை, காது நீண்ட காட்டு முயல், ஒரு சின்னக் கங்காரு என்று வைத்துக்கொள். ஒரு முயல் இடப்பக்கம் என்று எனக்கு நானே சொன்னேன். மூச்சை விட்டேன். விசையை அமத்தினேன். முயல் இருந்த இடத்திலேயே சாய்ந்தது. ஹேமி தொப்பியைக் கழற்றினார். ஆடுகளுக்குக் கை இருந்திருந்தால் தட்டியிருக்கும்.

முதல் வேட்டு, முதல் முயல். நீ எத்தனை சனிக்கிழமை தவறவிட்ட பிறகு உன் முதல் முயலை அடித்தாய் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அன்ரி வாசிக்கிறா.

பிருந்தன்


பாபகூரா
26 ஆகஸ்ட் 2025

பிருந்தா,

நான் நம்பவில்லை. ஹேமி தொப்பியைக் கழற்றி நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அதற்கு அடியில் தலை இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம்.

உண்மையில் நீ சுட்டிருந்தால் இதற்குப் பதில் சொல். மேற்குக் காற்று என்கிறாய். மேட்டில் முதல் நாடா என்ன செய்தது? பள்ளத்துக்குள் இருக்கிற மூன்றாவது நாடா என்ன செய்தது? மூன்றாவது நாடா தெரியாமல் முந்நூறு மீட்டருக்கு யாரும் சுட முடியாது. நீ அங்கே போகவே இல்லை, உன் ரூமில் படுத்துக்கொண்டு எழுதியிருக்கிறாய் என்றால் மூன்றாவது நாடாவில் மாட்டிக்கொள்வாய்.

குப்புறப் படுக்கிற தண்டனை முடிந்துவிட்டது. இப்போது உட்காரலாம். வலது கண்ணில் குமிழ் இன்னும் இருக்கிறது. பாட்டிலில் பாதி தண்ணீர் இருந்தால் ஒரு கோடு ஆடுமே, அந்த மாதிரி ஒரு கோடு எப்போதும் ஆடிக்கொண்டிருக்கிறது. நாளுக்கு நாள் கோடு கீழே இறங்குகிறது. கோட்டுக்கு மேலே உலகம் கொஞ்சம் தெரிகிறது, கோட்டுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. கோடு நடுவைத் தாண்டி இறங்கினால்தான் பார்வையின் நடுப்பகுதி திரும்பியிருக்கிறதா என்று சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். காலையில் எழுந்ததும் ஜன்னல் மறைப்பின் பட்டைகளைப் பார்க்கிறேன். இன்றைக்கு நேராக இருக்குமா, இன்றைக்கு நேராக இருக்குமா என்று. ராணுவத்துக்கு ஒரு கடிதம் போட்டுப் பார்க்கலாம், கண் திரும்பினால் மறுபடி எடுத்துக்கொள்வார்களா என்று அப்பா கேட்கச் சொல்கிறார். நடு திரும்பட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இதெல்லாம் உனக்கு எதற்குச் சொல்கிறேன் என்று தெரியவில்லை. பேச வேறு ஆள் இல்லை. மூன்றாவது நாடா. மறக்காதே.

அகில்

(தமயந்தி எழுதுவது: கண்ணு, நீ முயல் சுட்ட பத்தியை ரெண்டு தடவை படிக்கச் சொன்னான். படித்தேன். நீ நல்லா சுட்டது சந்தோசம். அதற்கப்புறம் ரொம்ப நேரம் கை விரலை மடக்கி நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.)


மவுண்ட் ரோஸ்கில்
7 செப்டம்பர் 2025

அகில்,

மூன்றாவது நாடாவுக்கு வருகிறேன், சுவரைப் பிடித்துக்கொள்.

மேட்டில் முதல் நாடா கம்பி மாதிரி விறைத்துக் கிழக்கே நீண்டு நின்றது. இரண்டாவது துடித்தது, ஆனால் அடிக்கடி சோர்ந்தது. மூன்றாவது எதிர்ப்பக்கம் திரும்பி ஆடியது. மேட்டைத் தாண்டி விழுகிற காற்று பள்ளத்துக்குள் சுழன்று திரும்பி வருகிறது, அதுதான் காரணம். அரை மணித்தியாலம் பார்த்தேன். முதல் நாடா சோர்ந்து இரண்டு மூச்சு கழித்துத்தான் மூன்றாவது சோர்கிறது. ஆனபடியால் ஒரு முயல் என்று நினைக்கிற இடத்தில் முக்கால் முயல்தான். கடற்பக்கம் இருக்கிற அந்தத் தோகைப் புல்லும் அதையேதான் சொன்னது. இப்போது நம்புகிறாயா, இல்லை நாடாவை அறுத்துத் தபாலில் அனுப்பட்டுமா?

சரி, நேற்றைய வீரத்தைக் கேள். ஐந்து குண்டு, ஐந்து முயல். நடுவில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் பதிவு செய்துகொள்ளவும். ஹேமியின் நாய்கள் என்னைக் கண்டாலே வாலாட்டுகின்றன, சமைக்கிறவனைப் பார்க்கிற மாதிரி. இந்தப் பக்கத்தில் இப்படி ஒருவன் சுட்டு நான் பார்த்ததில்லை என்று ஹேமி சொன்னார். மச்சான், இனிமேல் துவக்குக்காரனும் நான்தான், காற்றுக்காரனும் நான்தான். நீ சுறுக்காய் எழும்பி வராவிட்டால், மேட்டில் நீ படுத்துச் சுடுகிற பாய் நிரந்தரமாக என் பெயருக்கு மாறிவிடும். பிறகு வந்து அழக்கூடாது.

கோடு எங்கே நிற்கிறது என்று எழுது. ஜன்னல் பட்டையைப் பற்றியும் எழுது. நான் பகிடி விட மாட்டேன்.

பிருந்தன்


பாபகூரா
22 செப்டம்பர் 2025

பிருந்தா,

இது என் கையெழுத்து. வரி சரிந்து போனால் பொறுத்துக்கொள். அம்மா கோடு போட்ட தாள் கொடுத்திருக்கிறாள். இடது கண்ணுக்குக் கோடு நேராக இருக்கிறது.

குமிழ் கரைந்துவிட்டது. விழித்திரை ஒட்டிக்கொண்டது, ஆபரேஷன் வெற்றி என்று டாக்டர் அப்பாவுக்குக் கை கொடுத்தார். ஓரமெல்லாம் தெரிகிறது. நடு தெரியவில்லை. இனியும் தெரியாது. அந்தக் கண்ணால் உன்னைப் பார்த்தால் உன் காது இரண்டும் தெரியும், முகம் இருக்கிற இடத்தில் அழித்துவிட்ட மாதிரி இருக்கும்.

காரணம் ரைபிள் உதைத்ததா என்று அம்மா கேட்டாள். இல்லை என்று டாக்டர் சொன்னார். என்னை மாதிரி தடிமனான கண்ணாடி போடுகிறவர்களுக்கு விழித்திரை மெல்லிசாக இருக்குமாம், அது தானாகவே கிழியலாமாம். எப்போதிலிருந்து கோடு வளைந்து தெரிந்தது என்று கேட்டார். ஜூனிலிருந்து என்றேன். ஓரத்தில் ஆரம்பித்தபோதே வந்திருந்தால் நடுவைக் காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார். அம்மா அழவில்லை. வெளியே வந்து காரின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே பையில் தேடினாள்.

நான் உன்மேல் கோபப்பட்டேன் இல்லையா, நீ அம்மாவிடம் சொன்னாய் என்று. கோபப்பட வேண்டியிருந்தது நான் சொல்லாததற்கு. ஜூனிலேயே எனக்கு ஒரு நிழல் தெரிந்தது. கண்ணைக் கசக்கினேன், கண்ணாடியைத் துடைத்தேன், காற்று என்று சொன்னேன். ராணுவம் கைவிட்டுப் போய்விடுமே என்கிற பயத்தில் எனக்கு ஒரு காற்று தேவைப்பட்டது. அந்தப் பள்ளத்தில் மாமியார் காற்று என்று ஒன்று கிடையாது, பிருந்தா. சுழன்று திரும்பி வருவதை நீதான் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறாய். அது கணக்குக்கு அடங்குகிற சாதாரணக் காற்று.

அதனால்தான் உன் முயல்களையும் நம்பினேன். மூன்றாவது நாடா திரும்பி ஆடுவதை அங்கே பல மணி நேரம் படுத்துக் கிடக்காமல் யாரும் சொல்ல முடியாது. நீயே காற்றைப் பார்த்து நீயே சுடுகிறாய் என்றால் அந்த மேட்டில் இரண்டாவது ஆளுக்கு வேலை இல்லை. பொறாமை எதுவும் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

ராணுவத்துக்கு இனி எழுத மாட்டேன். அப்பா ரைபிளைத் துப்பாக்கிக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். பெட்டியைத் திறந்து அதைப் பார்க்கக்கூட அவருக்கு முடியவில்லை. நான் வேண்டாம் என்றேன். நீ லைசன்ஸ் எடு. எடுத்ததும் அது உனக்கு. சும்மா சொல்லவில்லை, யோசித்துத்தான் சொல்கிறேன். என்னைவிட நன்றாகச் சுடுகிறவன் கையில் அது இருக்கட்டும். நான் இனி வர மாட்டேன் என்று ஹேமியிடம் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் அவர் எதுவும் பேசாமல் நிற்பார், எனக்கு அது முடியாது.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசு. காற்றைப் பற்றி மட்டும் வேண்டாம்.

அகில்


மவுண்ட் ரோஸ்கில்
25 செப்டம்பர் 2025

அகில்,

உன் கடிதத்தைப் பின்வளவில் உடுப்புக் காயப்போடும் கம்பிக்குக் கீழே நின்று வாசித்தேன். அம்மா ஜன்னலால் எட்டிப் பார்த்து, அவன் என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டா. சும்மா என்றேன். வித்தியா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொம்மைக்காக இரண்டு மாதமாய் என்னோடு கதைக்காதவள்.

போன் எடுத்திருக்கலாம். எடுத்தால் நான் ஒரு பகிடியை விட்டுவிட்டுத் தப்பி ஓடிவிடுவேன். அதனால் தாளில் வருகிறேன்.

நிழல் தெரிந்ததை நீ சொல்லவில்லை, சரி. அதற்குப் பெயர் வைத்தவன் நான். பெயர் வைக்காமல் விட்டிருந்தால் இரண்டாம் சனிக்கிழமையே நீ அதைச் சந்தேகப்பட்டிருப்பாய். நான் அதற்கு ஒரு குணம் கொடுத்து, ஒரு குடும்பம் கொடுத்து, ஆள் மாதிரி ஆக்கி வைத்தேன். சிரித்துச் சிரித்து இரண்டு பேரும் நம்பினோம். அதை நினைத்தால் இப்போது எனக்கு ஒரு பகிடியும் வருகுதில்லை.

துவக்கை எனக்குத் தராதே. அங்கிளிடம் உடனே சொல்லிவிடு, இந்தக் கடிதத்தை முடிக்க முதலே.

நான் ஒன்றையும் சுடவில்லை, அகில். முதல் நாள் ஹேமி துவக்கைத் தந்தது உண்மை, பக்கத்தில் இருந்தது உண்மை. முந்நூறு மீட்டரில் காட்டு முயல் இருந்ததும் உண்மை. அது இப்போதும் இருக்கிறது, நல்ல சுகமாக, கொஞ்சம் கொழுத்தும் இருக்கிறது. என் குண்டு ஹேமியின் ஆட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போய் இறங்கியது. முயல் அந்தச் சத்தத்துக்கு மேய்ச்சலைக்கூட நிறுத்தவில்லை. ஹேமி ஏசவில்லை. ஓட்டை அடைக்கிற பசை டின்னைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டுப் போனார். ஐந்து குண்டு ஐந்து முயல் என்று எழுதினேனே, ஐந்து குண்டு சரி. ஐந்தாவதற்கு ஒரு முயல் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தது. இப்படி ஒருவன் சுட்டுப் பார்த்ததில்லை என்று ஹேமி சொன்னதும் சரிதான், என்ன அர்த்தத்தில் சொன்னார் என்பதை மட்டும் நான் எழுதவில்லை. தொப்பி தலையிலேயே இருந்தது.

ஏன் எழுதினேன் என்றால், உனக்கு எரிச்சல் வர வேண்டும் என்று. இவன் என் இடத்தைப் பிடிக்கிறானே என்று கோபம் வந்தால் நீ எழும்பி வருவாய் என்று கணக்குப் போட்டேன். கோபம் வரும் என்றுதான் நினைத்தேன். நீ எனக்குத் துவக்கையே தூக்கித் தருவாய் என்று நினைக்கவில்லை. ஆள் தெரியாமல் கணக்குப் போட்டிருக்கிறேன்.

காற்று மட்டும் பொய் இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் உன் பாயை விரித்துவிட்டு, பக்கத்தில் என் பாயில் படுத்து, தொலைநோக்கியில் நாடாவைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். முயல் வந்தால், அரை முயல் இடப்பக்கம் என்று வாய்விட்டுச் சொல்வேன். அது மேய்ந்து முடித்துப் போகும். அடுத்தது வரும், அதற்கும் சொல்வேன். ஒரு நாள் ஹேமி பின்னால் வந்து நின்று, யாரோடு கதைக்கிறாய் என்று கேட்டார். காற்றோடு என்றேன். அவர் போகவில்லை. பிறகு உன் பாயின் ஓரத்தில் இருந்துகொண்டு உன் கண்ணைப் பற்றிக் கேட்டார். இடது தோளில் வைத்து இடது கண்ணால் சுடப் பழகலாம், கை மாறிப் பழக நெடுநாள் எடுக்கும், ஆரம்பத்தில் எல்லாம் கோணலாய்ப் போகும், அவனுக்கு அது பிடிக்காது என்றார். தனக்குத் தொட்டி அடைக்கப் பசை நிறைய இருக்கிறது என்று அவனிடம் சொல் என்றும் சொன்னார்.

நான் சொல்லிவிட்டேன். நீ இனி வர மாட்டாய் என்பதை அவருக்கு நான் சொல்லப் போவதில்லை. அது உன் வாயால் சொல்ல வேண்டியது. வா, வராமல் விடு, இடது பக்கம் படு, படுக்காமல் சும்மா காரில் இருந்து ரேடியோ கேள். காற்றைச் சொல்கிறவன் சுடு என்று கட்டாயப்படுத்த மாட்டான். சனிக்கிழமை காலை காரோடு உன் வாசலில் நிற்பேன். நீ நித்திரை என்று அங்கிள் சொன்னால், உன் சத்தம் வரும் வரைக்கும் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைக் கடைசிக்குத் தள்ளித் தள்ளி வைத்திருந்தேன், இப்போது தாள் முடிகிறது. இவ்வளவு சரியாகக் காற்றைச் சொல்கிறவன், மூன்றாவது நாடா வரைக்கும் பார்க்கிறவன், தன் குண்டை மட்டும் ஏன் தொட்டிக்கு அனுப்புகிறான் என்று ஹேமிக்கு விளங்கவில்லை. போன சனிக்கிழமை நான் இன்னொரு தரம் சுட்டபோது, துவக்கைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார், கண்டுபிடித்துவிட்டார். எனக்கு அந்தச் சத்தம் பயம், மச்சான். அமத்துகிற நேரம் நான் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிவிடுகிறேன்.

அன்ரிக்குச் சொல்லாதே.

பிருந்தன்